அஞ்சாப்புக்கு மேல் இங்கே கிடையாது

எம்.ஏ. படித்தவர்களைச் சாரலில் நிற்க வைத்து, கையெழுத்துப் போடத் தெரியாதவர்களைப் பெஞ்சில் உட்கார வைத்த மனுஷர் இந்த உலகத்தில் ஒருத்தர்தான். அவர் பெயர் அஞ்சாப்பு. வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

எங்கள் பக்கம் ஐந்தாம் வகுப்பை அஞ்சாப்பு என்போம். நான் மூணாப்பு. அதனால் அவர் கண்ணுக்கு நான் எப்போதும் சின்னப் பயல்.

அப்போது நான் குற்றாலத்தில் வாடகை ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் கடைசி. சீசன் இல்லாத மாசங்களில் சுரண்டைக்கு வத்தல் மூட்டை அடிப்பேன். சாரல் விழ ஆரம்பித்தால் மூட்டைக்குப் பதில் ஆள். மூட்டை பேசாது. ஆள் பேசும். அது ஒன்றுதான் வித்தியாசம்.

எண்ணெய் தேய்த்து, அருவியில் குளித்து, புரோட்டா தின்று முடித்தவர்களுக்கு அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாது. "வேற என்னப்பா பாக்க இருக்கு?" என்பார்கள். மலைமேல் பூங்கா இருக்கிறது, அதில் ஒரு பழைய பள்ளிக்கூடம் இருக்கிறது என்பேன். அவ்வளவுதான் சொல்வேன். மிச்சத்தை அஞ்சாப்பு பார்த்துக்கொள்வார்.

பள்ளிக்கூடம் ஒரே அறை. கருங்கல் சுவர். பாசி பிடித்த ஓடு. உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து பெஞ்சு. ஒரு பெஞ்சு ஒரு வகுப்பு. முன்னால் இருப்பது ஒண்ணாப்பு, கடைசியில் இருப்பது அஞ்சாப்பு. எதிரே ஒரு கரும்பலகை, ஒரு நாற்காலி. வாசலில் தண்டவாளத் துண்டு ஒன்று கம்பியில் தொங்கும். அதுதான் மணி.

காப்பித் தோட்டம் போட்ட ஒரு வெள்ளைக்காரத் துரை, வேலைக்காரர்களின் பிள்ளைகளுக்காகக் கட்டியது. பிறகு தோட்டம் போயிற்று. பிள்ளைகளும் போனார்கள். பள்ளிக்கூடத்தை மூடினார்கள். ரொம்ப வருஷம் கழித்து வன இலாகாக்காரர்கள் வந்து வேலி போட்டு, பூச்செடி வைத்து, பூங்கா என்று போர்டு மாட்டினார்கள். பழைய கட்டிடம், நாலு பேர் வந்து பார்ப்பார்கள், ஒரு வாட்ச்மேன் வேண்டும் என்றார்கள். இவர் போய் நின்றார்.

"எதுவரைக்கும் படிச்சிருக்க?"

"அஞ்சாப்பு."

"எந்தப் பள்ளிக்கூடம்?"

"இந்தா, இதான்."

"பாஸா, ஃபெயிலா?"

"பரீட்சைக்கு முந்தியே மூடிட்டாவ. இன்னும் படிச்சிட்டுத்தான் இருக்கேன்."

அன்றைக்கு விழுந்த பெயர்.

அவர் தன்னை வாட்ச்மேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வாத்தியார் என்றும் சொன்னதில்லை. "நான் சட்டாம்பிள்ளை" என்பார். வாத்தியார் இல்லாத நேரம் வகுப்பைப் பார்த்துக்கொள்கிற பையன் இருப்பான் இல்லையா, அது. மீசை நரைத்துவிட்டது. காக்கிச் சட்டை வயிற்றில் பொத்தான் போட மறுக்கிறது. ஆனாலும் சட்டாம்பிள்ளை.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடம் மூடின அன்று வாத்தியார் குடையை எடுத்துக்கொண்டு இறங்கும்போது இவரைப் பார்த்து, "சத்தம் காட்டாமப் பாத்துக்கோலே, வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வரவில்லை. வேறு ஆளாக இருந்தால் அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போயிருப்பான். இவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது. யாராவது முதுகைச் சாய்க்கப் போனால் போதும்.

"ஏய் ஏய், எந்திரிங்க. வாத்தியார் நாற்காலி."

"எந்த வாத்தியார்? எங்க இருக்காரு?"

"வெளிய போயிருக்காரு."

சரி, சாரலில் நிற்க வைத்த கதைக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடத்துக்குள் நுழைய அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. அவரவர் படித்த வகுப்புப் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். ரெண்டாப்பு படித்தவர் ரெண்டாவது பெஞ்சு. நாலாப்பு படித்தவர் நாலாவது பெஞ்சு. நான் எப்போது போனாலும் மூணாவது. இடம் காலியாக இருக்கிறதே என்று நாலில் உட்கார முடியாது. "என்னலே, டபுள் புரமோஷனா?" என்பார்.

ஒருமுறை மெட்ராஸிலிருந்து ஒரு புரொபசரையும் அவர் சம்சாரத்தையும் ஏற்றிக்கொண்டு போனேன். புரொபசர் வழி நெடுக எனக்கு மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் பள்ளத்தைப் பார்த்து ஓட்டினேன்.

அஞ்சாப்பு வாசலை மறித்து நின்றார்.

"எத்தனாப்பு படிச்சிருக்கிய?"

"எம்.ஏ., பி.எச்.டி."

"அது எத்தனாவது பெஞ்சு?"

புரொபசர் சிரித்தார். "அதெல்லாம் காலேஜுக்கும் மேலப்பா."

"அஞ்சாப்புக்கு மேல இங்கன கிடையாது. வெளிய நின்னு ஜன்னல் வழியா பாத்துக்கிடுங்க."

"நானும் அஞ்சாங்கிளாஸ் படிச்சுட்டுத்தானய்யா மேல போனேன்!"

"படிச்சு முடிச்சிட்டிய இல்லா? முடிச்சவுகளுக்கு இங்கன என்ன சோலி?"

அஞ்சாப்பு அந்த அம்மாவைப் பார்த்தார். "அம்மா எத்தனாப்பு?"

"நாலாங்கிளாஸோட நிறுத்திட்டாங்க" என்றார் அந்த அம்மா, மெதுவாக.

"வாங்க வாங்க. நாலாவது பெஞ்சு. ஜன்னலோரமா உக்காருங்க."

அந்த அம்மா உட்கார்ந்து, பையிலிருந்து ரம்பூட்டான் எடுத்து ஒவ்வொன்றாக உரித்துத் தின்றார். ஜன்னலுக்கு வெளியே புரொபசர் தலையில் கர்ச்சீப் போட்டுக்கொண்டு தூத்தலில் நின்றார். நடுவில் ஒருமுறை, "போலாமா?" என்று கேட்டார். "இருங்க, இப்பத்தானே வந்தேன்" என்றார் அம்மா. திரும்பும்போது மலையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

உட்கார்ந்தவர்களுக்கு அஞ்சாப்பு பள்ளிக்கூடத்தின் வரலாறு சொல்வார். அதில் முக்கியமான பாகம், துரை எப்படிச் செத்தார் என்பது. மதுரைக்காரர்கள் வந்தால் துரையைப் புலி அடித்தது. கேரளாக்காரர்கள் வந்தால் யானை மிதித்தது. சின்னப் பிள்ளைகள் வந்தால் துரை பலாப்பழத்தை முழுசாகத் தின்று வயிறு ஊதிச் செத்தார். கல்யாணமான புது ஜோடி வந்தால் துரைசாணியை நினைத்து ஏங்கியே உயிரை விட்டார். சுவரில் ஒரு கடிகாரம் ஓடாமல் நிற்கும். துரை செத்த அன்று நின்றது என்பார். எந்தச் சாவு என்று கேட்கக் கூடாது.

ஒருத்தர் கேட்டுவிட்டார். இரண்டாவது தடவை வந்தவர்.

"போன வருஷம் புலின்னு சொன்னீங்களே?"

"ஆமா."

"இப்ப யானைங்கிறீங்க?"

"பெரிய மனுஷன்லா? ஒரே சாவுல போயிருவாரா?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இனி மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

துரை காலத்தில் மத்தியானம் மணி அடித்தால் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுவார்களாம். பிள்ளைகள் பாதி குடிக்கும், மீதியைக் குரங்குக்கு வைக்கும். பிள்ளைகள் போன பிறகும் குரங்குகள் போகவில்லை. அஞ்சாப்பு வேலைக்கு வந்த முதல் நாளே மத்தியானம் மணி அடித்தார். பள்ளிக்கூடம் என்றால் மணி அடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் நினைத்தது. தூக்குச்சட்டியைத் திறந்து நிமிர்ந்தால் வராந்தா முழுக்க வால். அன்றிலிருந்து அவர் சோற்றில் பாதி அவற்றுக்கு.

அதனால் மத்தியானத்துக்கு முன்னால் நான் ஆட்களைக் கீழே இறக்கிவிடுவேன். ஒருமுறை பிந்திவிட்டது. ஒரு குடும்பம் அல்வாப் பொட்டலத்தைப் பிரிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. அந்த அல்வாவைப் பற்றி அப்புறம் தகவல் இல்லை.

மத்தியானம் எப்போது என்பதை அவர் எப்படி முடிவு செய்வார்? கடிகாரம் நின்றுவிட்டது. கையில் வாட்ச் கிடையாது. சாரல் நாளில் வெயில் கிடையாது, நிழலும் விழாது. அவருக்கு ஒரே கணக்கு, வயிறு. காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மலை ஏறுவார். வயிறு இழுக்கும்போது மணி அடிப்பார். தென்காசிக் கோயில் மணி பிந்தினாலும் அவர் வயிறு பிந்தாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. எண்பது பிறந்திருக்கும். கொண்டுவந்தவர் ஓவர்சியர். ஒல்லியான ஆள். எப்போதும் கையில் அளக்கிற டேப் ஒன்று வைத்திருப்பார். பள்ளிக்கூடத்தை ஆபீசர்கள் வந்து தங்குகிற ரெஸ்ட் ஹவுஸாக மாற்றப்போகிறார்கள். பெஞ்செல்லாம் வெளியே. கட்டில் உள்ளே. மூலையில் கக்கூஸ். பெரிய ஆபீசர் ஒருதடவை வந்து பார்த்துச் சரி என்றால் மறுவாரம் வேலை.

"அப்ப நான்?" என்றார் அஞ்சாப்பு.

"உனக்குப் புளியறை செக்போஸ்ட். லாரி வந்தா மூங்கிலத் தூக்கணும். போனா எறக்கணும். நல்ல வேலைதான்ய்யா."

ஓவர்சியர் போன பிறகு அஞ்சாப்பு வாத்தியார் நாற்காலியைத் துடைத்து வைத்தார். நான் மூணாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"மூணாப்பு" என்றார்.

"என்ன அண்ணாச்சி?"

"மூங்கிலத் தூக்குறது பெருசில்லலே. வாத்தியார் வந்து, எங்கலே சட்டாம்பிள்ளன்னு கேட்டா, யாரு பதில் சொல்லுவா?"

வாத்தியார் அன்றைக்கே நரைத்த தலை என்று அவரே சொல்லியிருக்கிறார். கணக்குப் போட்டால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். மூணாப்புக் கணக்கே போதும். நான் போடவில்லை.

"ஆபீசர் வரும்போது மணிய அடிங்க" என்றேன். "குரங்கு பாத்துக்கிடும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொய் மணி அடிக்கச் சொல்லுதியா? மணி ஆனா அடிப்பேன். ஆகலன்னா அந்த ஆபீசர் இல்ல, துரையே எந்திரிச்சு வந்தாலும் அடிக்க மாட்டேன். சண்டைக்கு அடிக்கதுக்கா அது தொங்குது?"

அப்படியென்றால் ஒரே வழிதான். மத்தியானம்வரை ஆபீசரை அங்கேயே நிறுத்தி வைக்க வேண்டும். தானாக மணி ஆகும். தானாகக் குரங்கு வரும். நான் வெளியே சொல்லவில்லை.

ஆபீசர் வருகிற அன்று இலாகா ஜீப் அடிவாரத்தோடு நின்றுவிட்டது. மலை ஏற என் ஜீப்பைக் கூப்பிட்டார்கள். ஆபீசர், ஓவர்சியர், கூட ஆபீசரின் அம்மா. கடையம் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரிக் குடும்பம். மகன் மலைக்குப் போகிறான் என்றதும், தானும் பார்க்க வேண்டும் என்று ஆச்சி ஏறிவிட்டார். மடியில் பெரிய டிபன் கேரியர். புளியோதரை வாசனை வண்டியை நிறைத்தது.

எனக்கு அஞ்சாப்பை நினைத்துக் கஷ்டமாக இருந்தது. கடைசி நாளாக இருந்தாலும் இருக்கும். அதனால் வரும் வழியில் ஒரு கட்டு இட்லியும் உளுந்த வடையும் வாங்கி வைத்திருந்தேன். போய் இறங்கியதும், ஆபீசர் பூச்செடி பார்க்கப் போன நேரத்தில் கையில் கொடுத்தேன்.

"சாப்பிடுங்க அண்ணாச்சி."

"காலைல நான் எங்கலே சாப்பிடுவேன்?"

"இன்னைக்கு ஒருநாள்."

வாங்கித் தின்றார். சட்டினியை வழித்துத் தின்றார். நான் செய்த காரியம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆபீசர் வாசலுக்கு வந்தார். அஞ்சாப்பு சல்யூட் அடித்தார். அடித்த கையை இறக்காமலே கேட்டார்.

"ஐயா எத்தனாப்பு?"

ஓவர்சியர் பதறினார். "யோவ், ஐயா பெரிய படிப்பு!"

"அப்ப வெளிய நின்னுக்கிடுங்கய்யா."

ஆபீசருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. அதற்குள் அஞ்சாப்பு ஆச்சியைப் பார்த்துவிட்டார்.

"ஆச்சி எத்தனாப்பு?"

"நான் பள்ளிக்கூட வாசல மிதிச்சதே இல்லய்யா" என்றார் ஆச்சி.

அஞ்சாப்பு முகத்தைப் பார்க்க வேண்டுமே. இத்தனை வருஷத்தில் அந்த முதல் பெஞ்சு காலியாகவே கிடந்தது. வருகிறவன் எல்லாம் எதையாவது படித்துத் தொலைத்தவன்.

"அப்ப ஒண்ணாப்பு!" என்று கத்தினார். "புது அட்மிஷன்! வாங்க ஆச்சி, முத பெஞ்சு. கேரியர அங்கன வராந்தால வைங்க. வகுப்புக்குள்ள திங்கக் கூடாது."

ஆச்சி சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். கையைக் கட்டிக்கொண்டார். யாரும் கட்டச் சொல்லவில்லை.

ஓவர்சியர் டேப்பை விரித்து இங்கே கட்டில், அங்கே கக்கூஸ் என்று அளந்தார். ஆபீசர் ஜன்னலுக்கு வெளியே நின்றபடி, சரி சரி என்றார். எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது.

"ரொம்ப சரி. அடுத்த வாரம் ஆரம்பிச்சிருங்க" என்றார் ஆபீசர். "டிரைவர், வண்டிய எடு."

என் ஜீப்பைப் பற்றி ஊருக்கே தெரியும். தள்ளாமல் கிளம்பாது. அதைத்தான் நம்பியிருந்தேன். சாவியைத் தொட்டேன். உறுமிக்கொண்டு கிளம்பியது, சவம். அதற்கு முன்னும் அப்படிக் கிளம்பியதில்லை, பின்னும் கிளம்பியதில்லை. நானாக அணைத்துவிட்டு இறங்கினேன்.

இனி பேசித்தான் ஆக வேண்டும். நான் அதிகம் பேசிப் பழக்கமில்லாதவன்.

"ஐயா, சாரல் விழுது" என்றேன்.

"தெரியுது."

"நேத்தும் விழுந்துச்சு."

"சரி."

"நாளைக்கும் விழும்."

ஆபீசர் என்னைப் பார்த்தார். என்னிடம் இருந்தது அவ்வளவுதான்.

பிறகு ஒரு யோசனை வந்தது. "துரை எப்படிச் செத்தாருன்னு ஐயா கேக்கலியே" என்றேன்.

அஞ்சாப்பு நிமிர்ந்தார். அன்றைக்கு அவர் துரையைக் கொன்றதுபோல் என்றைக்கும் கொன்றதில்லை. புலி அடித்தது. அடித்த புலியை யானை மிதித்தது. நடுவில் துரை எழுந்து பலாப்பழம் தின்றார். ஆபீசர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஆச்சி, "அடப்பாவமே, அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். துரைசாணி அழுததில் ஆச்சி கண்ணைத் துடைத்தார்.

கதை முடிந்தது. மணி அடிக்கவில்லை.

ஆபீசர் வாட்சைப் பார்த்தார். "பன்னெண்டு தாண்டியாச்சு. கிளம்புவோம்."

நான் அஞ்சாப்பைப் பார்த்தேன். "அண்ணாச்சி, மணி ஆயிட்டாம்."

அவர் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "ஆகலலே."

"என் வாட்ச்ல ஆயிருச்சுய்யா" என்றார் ஆபீசர்.

"உங்க வாட்ச் அவசரப்படுதுய்யா" என்றார் அஞ்சாப்பு. ஒரு ஏப்பம் விட்டார்.

இட்லி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மத்தியானத்தை நானே காசு கொடுத்துத் தள்ளி வைத்திருக்கிறேன். அந்த வடைக்கு இன்னும் மூணு மணி நேரம் ஆகும்.

எல்லாம் போயிற்று என்று நினைத்து ஜீப்பைப் பார்க்க நடந்தேன். பின்னால் ஆபீசர் குரல் கேட்டது.

"எம்மா, எந்திரி. போவோம்."

"மணி அடிக்கலியேய்யா" என்றார் ஆச்சி.

"என்னது?"

"மணி அடிக்காம எப்படிலே எந்திரிச்சு வாரது? பள்ளிக்கூடம்லா?"

"எம்மா, இது பள்ளிக்கூடமே இல்ல! மூடி எத்தன வருஷம் ஆச்சு!"

"நீ படிச்சவன். உனக்குத் தெரியும். நான் இன்னைக்குத்தான சேந்துருக்கேன்? முத நாளே பாதில எந்திரிச்சுப் போனா அந்தத் தம்பி என்ன நெனப்பாரு?"

ஆபீசர் அஞ்சாப்பிடம் திரும்பினார். "யோவ், மணிய அடிய்யா. எங்கம்மா எந்திரிக்கட்டும்."

"ஆகலய்யா."

"இது ஆர்டர்!"

"மணி ஆகாம நான் அடிக்க மாட்டேன். புளியறைக்கு வேணா இன்னைக்கே போறேன்."

"நீ அடிக்காண்டாம். நானே அடிக்கேன்" என்று ஆபீசர் மணி அடிக்கிற இரும்புக் கம்பியைப் பிடுங்கினார்.

"ஐயா, வேண்டாம். தொடாதிய. சொன்னாக் கேளுங்க" என்றார் அஞ்சாப்பு. உண்மையாகத்தான் தடுத்தார். நான் தடுக்கவில்லை.

ஆபீசர் அடித்தார். கோபத்தில் நன்றாகவே அடித்தார். அப்படி ஒரு மணிச் சத்தத்தை அந்த மலை கேட்டிருக்காது. அன்றைக்கு மணி பிந்திவிட்டதால் குரங்குகளும் நல்ல பசியில் இருந்திருக்கின்றன. ஓட்டின் மேலிருந்து வந்தது. பலா மரத்திலிருந்து வந்தது. வேலியைத் தாண்டி வந்தது. குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு வந்தது. கேரியர் நாலு அடுக்கும் நாலு திசையில் போயிற்று. ஒன்று ஓவர்சியரின் டேப்பைக் கவ்விக்கொண்டு மரத்தில் ஏறி, அங்கிருந்து அடுத்த மரத்துக்குத் தாவியது. ஓவர்சியர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பூங்கா முழுக்க அளந்தார்.

ஆபீசர் எங்கே என்று பார்த்தேன். உள்ளே ஓடி, கடைசிப் பெஞ்சில் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

ஒரு கிழட்டுக் குரங்கு வாத்தியார் நாற்காலியில் போய் உட்கார்ந்து புளியோதரை தின்றது. அஞ்சாப்புக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"ஏலே! எந்திரி! யாரு நாற்காலின்னு தெரியுமா?"

குரங்கு எழுந்து கீழே உட்கார்ந்தது. அதற்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பார் போல.

பிறகுதான் பெஞ்சின் மேல் நிற்கிற ஆபீசரைப் பார்த்தார். "ஐயா, நீங்க ஏன் பெஞ்சு மேல நிக்கிய? நீங்க தப்பு ஒண்ணும்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். கொஞ்சம் யோசித்தார். "மணியத் தொட்டிய இல்லா. சரி, கொஞ்ச நேரம் நில்லுங்க."

ஆச்சி மட்டும் அசையவில்லை. பக்கத்தில் ஒரு தாய்க்குரங்கு குட்டியோடு வந்து உட்கார்ந்திருந்தது. ஆச்சி தள்ளி இடம் கொடுத்திருந்தார். திரும்பி மகனைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவர்தான். நிறுத்த முடியவில்லை.

"ஏலே, சின்னப்புள்ளைல வாத்தியாரு உன்னப் பெஞ்சு மேல ஏத்துனாருன்னு வந்து அழுவியே! எப்படி இருக்கும்னு எனக்கு என்ன தெரியும்? இன்னைக்குத்தாம்ய்யா பாக்கேன்!"

ஆபீசருக்கு முதலில் முகம் சிவந்தது. அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெஞ்சின் மேல் நின்றபடியே வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

எல்லாம் அடங்கிய பிறகு ஓவர்சியர் டேப் இல்லாமல் வந்து சேர்ந்தார்.

"இங்கன ராத்திரி யாருய்யா தங்குவா?" என்று கேட்டார் ஆபீசர்.

"குரங்கு தங்கும் சார்" என்றார் ஓவர்சியர்.

"அப்ப எதுக்குக் கட்டில்? விடுங்க. இது பள்ளிக்கூடமாவே கிடக்கட்டும். இந்த ஆளையும் எங்கயும் மாத்தாண்டாம். இவர விட்டா அந்த நாற்காலில இருந்து குரங்க எறக்க வேற ஆள் கிடையாது."

ஆச்சி எழுந்தார். மணிதான் அடித்தாகிவிட்டதே. வாசலில் நின்று அஞ்சாப்பிடம் கேட்டார், "நாளைக்கும் நான் வரணுமாய்யா?"

"வராட்டி லீவ் லெட்டர் குடுக்கணும் ஆச்சி."

"எனக்கு எழுதத் தெரியாதே."

"மகன எழுதச் சொல்லுங்க. அவர்தான் படிச்சிருக்காருல்லா?"

ஜீப்பில் இறங்கும்போது ஆபீசர் என்னிடம், "நாளைக்கும் சாரல் விழும் இல்ல?" என்று கேட்டார். விழும் என்றேன்.

மறுநாள் நான் தனியாக மேலே போனேன். சும்மாதான். மூணாவது பெஞ்சில் உட்காரப் போனேன்.

"ஏலே, அங்கன இல்ல" என்றார் அஞ்சாப்பு. "நாலுல உக்காரு."

"என்ன அண்ணாச்சி?"

"நேத்து வாயத் தொறந்து நாலு வார்த்த பேசுனியே. மூணாப்புப் பய அப்படிப் பேச மாட்டான்."

"அப்ப பாஸா?"

"பாஸ் போட நான் யாருலே? அது வாத்தியார் வந்து போடுவாரு. இது டெம்பரவரி."

டெம்பரவரியாக நாலாவது பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கிருந்து ஜன்னல் நன்றாகத் தெரியும். அந்தப் புரொபசர் சம்சாரம் ஏன் எழுந்திருக்கவில்லை என்று புரிந்தது. அன்றைக்குச் சாரல், குரங்கு, இரண்டைத் தவிர வேறு வேலை இல்லை. மத்தியானம் மணி அடித்தார். சரியான நேரத்துக்குத்தான்.

அதற்கப்புறமும் சில வருஷம் இருந்தார். ஒரு ஐப்பசியில் போய்விட்டார்.

இப்போது அங்கே பளபளவென்று ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள். துரை தன் சொந்த ஊரில், சொந்தக் கட்டிலில், காய்ச்சல் வந்து செத்தார் என்று எழுதியிருக்கிறது. எழுதின ஆள் அஞ்சாப்புக்கு மேல் படித்தவனாக இருக்கும்.

ஜீப்பை விற்றுவிட்டேன். சீசனில் ஒருநாள் மட்டும் யார் வண்டியிலாவது ஏறிப் போய் வருவேன். ஆட்கள் கூட்டமாக வந்து இஷ்டத்துக்கு எந்தப் பெஞ்சிலும் உட்காருகிறார்கள். கத்துகிறார்கள். போன தடவை ஒருத்தர் என்னைப் பார்த்து, "பெரியவரே, கடைசிப் பெஞ்சு காலியாத்தானே இருக்கு, அங்க தாராளமா உக்காரலாமே?" என்றார்.

நான் நாலாவது பெஞ்சைவிட்டு நகரவில்லை. "அது ஆள் இருக்கிற இடம்" என்றேன். "சத்தம் காட்டாதிய. சட்டாம்பிள்ள வெளிய போயிருக்காரு."